சங்கிலியில் ஏறிப்போன நாய்: ஜஹாங்கீர் எழுதியதா, இல்லையா?

கேள்வி இப்படி வந்தது: "வங்காளத்திலிருந்து வந்த ஏழு வித்தைக்காரர்கள் ஐம்பது முழச் சங்கிலி ஒன்றை வானத்தில் வீசினார்கள். அது அந்தரத்தில் நின்றது. ஒரு நாய் அதில் ஏறி மேலே போய் மறைந்தது. பிறகு பன்றி, சிறுத்தை, சிங்கம், புலி. மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரே தன் கைப்பட இதை எழுதியிருக்கிறார். ராஜாவே கண்ணால் பார்த்ததாகச் சொன்ன பிறகு பொய் என்று எப்படித் தள்ளுவது? இதை வைத்து ஒரு வீடியோவும் போட்டிருக்கிறேன்."

மார்ச் 2, இரவு

எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் தம்பி? அதைச் சொல்லாமல் மேலே பேச முடியாது. ஜஹாங்கீரின் தன்வரலாறு என்ற பெயரில் இரண்டு வேறு வேறு சரக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒன்று, 1829இல் டேவிட் பிரைஸ் என்ற கம்பெனிப் படை மேஜர் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அவர் கையில் கிடைத்த பாரசீகப் பிரதி யாரோ பின்னாளில் கைவைத்து ஊதிப் பெருக்கியது. இன்னொன்று, சர் சையத் அகமது கான் 1860களில் அச்சிட்ட பாரசீக மூலம். அதை அலெக்சாண்டர் ரோஜர்ஸ் மொழிபெயர்க்க, ஹென்றி பெவரிஜ் சரிபார்த்து 1909, 1914 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளியிட்டார். ஆய்வாளர்கள் ஜஹாங்கீர் எழுதியதாக ஏற்பது இந்த இரண்டாவதைத்தான். சங்கிலி நாய் இருப்பது முதலாவதில். இரண்டாவதில் வித்தைக்காரர்களே கிடையாது.

உங்களைக் குறை சொல்லவில்லை. பிரைஸ் புத்தகத்தின் மறுபதிப்பை நடைபாதைக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, அதை நம்பி ஒரு வாசகர் கூட்டத்தில் இதே நாய்க் கதையை இருபது நிமிடம் பேசியவன் நான். கைதட்டினார்கள். அதை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

மார்ச் 2, இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு தப்பு. "வித்தைக்காரர்களே கிடையாது" என்றேன். படுக்கப் போனவன் எழுந்து புரட்டிப் பார்த்தேன், இருக்கிறார்கள். கர்நாடகத்திலிருந்து வந்த வித்தைக்காரர்கள். அங்கேயும் ஒரு சங்கிலி! ஐந்து கஜத்துக்கும் கொஞ்சம் கூடுதலான இரும்புச் சங்கிலியை ஒருவர் தண்ணீர் குடித்தபடியே மெல்ல மெல்ல விழுங்கினார், சற்று நேரம் வயிற்றில் வைத்திருந்தார், திரும்ப வெளியே எடுத்தார். அவ்வளவுதான். சங்கிலியின் எடைகூடக் கொடுத்திருக்கிறார் அரசர், சேர் கணக்கில்.

வானத்தில் நிற்கும் சங்கிலிக்கு எடை கிடையாது, விழுங்கின சங்கிலிக்கு எடை உண்டு. எனக்கு இது போதும். உங்களுக்கு?

மார்ச் 4

"பெரிய எண் வந்தாலே போலி என்று சொல்லிவிடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையான நூலிலேயே தலை சுற்றுகிற எண்கள் இருக்கின்றன. தன் பன்னிரண்டாம் வயதிலிருந்து ஐம்பது வயது வரை தன் முன்னால் வேட்டையாடப்பட்டவை 28,532, அவற்றில் தன் கையால் கொன்றவை 17,167 என்கிறார். ஆனால் அங்கே நிற்கவில்லை. வேட்டைக் குறிப்பு வைத்திருந்த எழுத்தர்களைக் கூட்டி, கணக்குப் பார்க்கச் சொல்லி, புலி இத்தனை, புறா இத்தனை, முதலை இத்தனை என்று பிரித்துப் பட்டியல் போடுகிறார். யார் எண்ணினார்கள், எதை வைத்து எண்ணினார்கள் என்று தெரிகிறது. பிரைஸ் பிரதியில் எண் சும்மா வீங்கி நிற்கும், எண்ணினவனைக் காணோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மனிதருக்கு எதையும் தொட்டு, அளந்து, அறுத்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. சிங்கத்துக்கு வீரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அதன் உடலைக் கிழிக்கச் சொன்னவர். சாரஸ் நாரை ஜோடிக்கு லைலா, மஜ்னு என்று பெயர் வைத்து, எப்போது முட்டை, யார் அடைகாப்பது என்று நாள்கணக்கில் எழுதியவர். 1621இல் வரிக்குதிரை ஒன்று வந்தபோது சாயம் பூசிய மிருகமோ என்ற சந்தேகம் வந்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் இது கடவுளின் தூரிகை என்று ஒப்புக்கொண்டார். மன்சூர் அதை வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது.

வரிக்குதிரையின் கோட்டையே நம்பாத ஆள், புலி ஒன்று சங்கிலியில் ஏறி ஆகாயத்தில் காணாமல் போனால் "ஆச்சரியம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வித்தைக்கா போவார்? சங்கிலியை இறக்கு, வித்தைக்காரனைப் பிடி, இன்னொரு தரம் காட்டு என்றல்லவா உத்தரவு போட்டிருப்பார். கதையை இட்டுக்கட்டியவருக்கு ஜஹாங்கீரின் சுபாவம் பிடிபடவில்லை.

மார்ச் 5

குடியைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறவர் வேறு எதில் பொய் சொல்லப்போகிறார் என்று வாதம் வந்திருக்கிறது.

அந்தப் பகுதி பிரமாதம், சந்தேகமில்லை. பதினெட்டு வயதில் அட்டோக் பக்கம் வேட்டைக்குப் போய்க் களைத்தபோது யாரோ கொடுத்த கொஞ்சம் மது. பிறகு மது போதவில்லை, சாராயம். இரண்டு தரம் காய்ச்சி வடித்தது, பகலில் 14 கிண்ணம், இரவில் 6. கை நடுங்கி, கிண்ணத்தைத் தானே பிடிக்க முடியாமல் பிறர் புகட்ட வேண்டியிருந்தது. ஹக்கீம் ஹுமாம் வந்து, இப்படியே போனால் ஆறு மாதத்தில் வைத்தியம் இருக்காது என்கிறார். மெல்லக் குறைத்து ஆறு கிண்ணத்துக்கு வருகிறார். அபின் தனிக் கணக்கு. பட்டத்துக்கு வந்தவுடன் போட்ட பன்னிரண்டு கட்டளைகளில் ஒன்று மது தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது. அதே வரியில், நான் பதினெட்டு வயதிலிருந்து குடிக்கிறேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

ஆனால் இது வாக்குமூலம் இல்லை. அவர் தம்பிகள் முராத், தானியால் இருவரும் குடித்தே செத்தவர்கள். அந்த வீட்டில் இருபதிலிருந்து ஆறுக்கு வந்தவர் ஜெயித்தவர். எழுதும் தொனியும் அப்படித்தான், ஜெயித்தவரின் தொனி.

அபுல் ஃபஸல் கொலையையும் பாருங்கள். 1602இல், அக்பரின் மிக நெருங்கிய ஆளை, ஓர்ச்சாவின் பீர்சிங் தேவ் பந்தேலாவுக்குச் சொல்லி வழியில் மடக்கிக் கொல்ல வைத்தது நான்தான் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். தலை அலகாபாத்துக்கு வந்ததையும் எழுதுகிறார். கொன்றவருக்கு மூவாயிரம் மன்சப் (அரசுப் பதவித் தரம்) கொடுத்த காரணமாகவே அதைச் சொல்கிறார். அவருக்கு அது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. நாம் வாயைப் பிளக்கும் இடத்தில் அவர் சாதாரணமாக இருக்கிறார். அதனால் அவர் வெளிப்படையாக எழுதும் இடங்களை வைத்து அவர் நேர்மையை அளக்க முடியாது. எது அவருக்கு உறுத்தியதோ அங்கே என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 5, பின்குறிப்பு

அனார்கலி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஜஹாங்கீர் புத்தகத்தில் அந்தப் பெண் இல்லை. 1611 வாக்கில் லாகூரைப் பார்த்த வில்லியம் ஃபின்ச் என்ற ஆங்கில வியாபாரி கேட்ட கதையாக ஒன்று எழுதியிருக்கிறார், அதிலும் அந்தப் பெண் தானியாலின் தாய். லாகூரில் கல்லறை இருக்கிறது, அதன்மேல் "மஜ்னுன் சலீம் அக்பர்" என்ற கையொப்பமும் (சலீம் என்பது ஜஹாங்கீரின் இளவரசுக் காலப் பெயர்) ஒரு காதல் ஈரடியும் இருக்கின்றன, பெயர் இல்லை. சினிமாப் பாட்டைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

மார்ச் 8

தாமஸ் ரோ விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்து ராஜா ஜேம்ஸின் தூதராக 1615இல் சூரத்தில் இறங்கி, 1616 ஜனவரியில் அஜ்மீரில் ஜஹாங்கீரைச் சந்தித்து, 1619 வரை இந்த நாட்டில் இருந்தவர். நாட்குறிப்பு எழுதினார். அதில் ஜஹாங்கீர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். ராத்திரி சபையில் குடித்தபடி பேச்சின் நடுவே தூங்கிப்போகிறார். ரோ கொடுத்த சிற்றோவியத்தை அச்சு அசலாகப் பிரதியெடுக்கச் சொல்லி, விளக்கு வெளிச்சத்தில் எது உன்னுடையது என்று விளையாடுகிறார்.

சரி, ஜஹாங்கீர் புத்தகத்தில் ரோ எத்தனை பக்கம்? ஒரு வரிகூட இல்லை. பெயரே இல்லை.

"அப்படியானால் ரோ அளந்துவிட்டார்" என்று ஒருவர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். அவசரம் வேண்டாம். ரோவுக்கு லண்டனில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தரையில் விழுந்து வணங்க மாட்டேன் என்று நின்றதையும், தனக்குக் கிடைத்த மரியாதையையும் அவர் கொஞ்சம் பெரிதாகவே காட்டியிருப்பார். ஆனால் வந்து போனது நிச்சயம், கம்பெனிக் கடிதங்கள் குவியலாக இருக்கின்றன. அதே சமயத்தில் பாரசீகத்திலிருந்து வந்த தூதரை ஜஹாங்கீர் குறிக்கிறார், ரோவும் அந்த ஆள் கொண்டுவந்த குதிரைகளையும் பரிசுகளையும் பார்த்துப் புகைகிறார். பாரசீக ஷா ஒரு அரசர். வியாபாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த தூரதேசத்து ஆள், மொகலாயச் சபையிலிருந்து பார்த்தால், குறிப்பில் ஏறும் அளவுக்கு இல்லை.

நம் பாடப்புத்தகத்தில் ரோவுக்குத் தனிப் பத்தி உண்டு. 1616இல் அவர் யாருமில்லை. 1757 பிளாசிப் போருக்குப் பிறகு நடந்ததைத் தெரிந்துகொண்டு 1616ஐப் படிப்பதால் வரும் வினை இது. நான் இதை விளங்கிக்கொள்ளப் பத்து வருஷம் ஆயிற்று.

மார்ச் 9

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம், அல்லது மிகக் கஷ்டமான இடம்.

ஆட்சியின் முதல் பன்னிரண்டு ஆண்டுக் குறிப்புகளை ஒரு நூலாகக் கட்டிப் பிரதிகள் எடுக்கச் சொல்கிறார் ஜஹாங்கீர். 1618இல் முதல் பிரதி தயாராகி வருகிறது. அதை யாருக்குக் கொடுக்கிறார்? மகன் குர்ரமுக்கு. எல்லா வகையிலும் என் பிள்ளைகளில் முதல்வன் என்று காரணமும் சொல்கிறார். ஷாஜஹான் என்ற பட்டமும் அதற்கு முந்தைய வருஷம் அவர் கொடுத்ததுதான்.

நாலைந்து வருஷம் கழித்து அதே குர்ரம் கலகத்தில் இறங்குகிறான். இனி இவனை "பேதௌலத்" என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு. பாக்கியம் கெட்டவன், நாதியற்றவன் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அந்தப் பெயர்தான். ஒரே புத்தகம். முன்பகுதியைப் படித்துக்கொண்டிருந்தால் தங்கமான பிள்ளை, பின்பகுதியில் பேதௌலத்.

முன்னால் எழுதினதை அவர் அடிக்கவில்லை என்பதை கவனியுங்கள். பிரதிகள் ஏற்கெனவே வெளியே போய்விட்டன, அடிக்க முடியாது என்றும் சொல்லலாம். எப்படியோ, நமக்கு அதிர்ஷ்டம். முழுக்கதையும் தெரிந்த பிறகு உட்கார்ந்து எழுதிய தன்வரலாறாக இருந்திருந்தால், அந்தப் பையன் சின்ன வயதிலேயே சரியில்லை என்று ஆரம்பித்திருப்பார். இது அன்றன்று எழுதியது.

ஆனால் கையும் மாறுகிறது. ஆட்சியின் பதினேழாம் ஆண்டில் உடம்பு முடியாமல் முத்தமித் கானிடம் எழுதும் வேலையைக் கொடுக்கிறார். இவர் எழுதிக்கொண்டுவந்து காட்டுவார், அரசர் திருத்துவார். பத்தொன்பதாம் ஆண்டோடு அதுவும் நிற்கிறது. மிச்சத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் முகமது ஹாதி என்பவர் சேர்த்தார். அதனால் "ஜஹாங்கீர் சொல்கிறார்" என்று 1626 சம்பவத்துக்கு மேற்கோள் காட்டினால் தப்பு. இதே முத்தமித் கான் பிறகு இக்பால்நாமா என்று தன் பெயரில் ஒரு வரலாறு எழுதினார். அப்போது அரியணையில் இருந்தவர் அந்தப் பேதௌலத். அதில் குர்ரமுக்கு எதிராக நின்ற அரசி நூர்ஜஹானுக்கு விழும் அடியைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

இப்போது குஸ்ரு. மூத்த மகன். 1606இல் கலகம் செய்து, பிடிபட்டு, பார்வை பறிக்கப்பட்டு, கடைசியில் தம்பி குர்ரமின் பொறுப்பில் தக்காணத்துக்குப் போனவர். 1622இல் புர்ஹான்பூரிலிருந்து குர்ரமின் கடிதம் வருகிறது, குஸ்ரு சூலை கண்டு இறந்துபோனார் என்று. ஜஹாங்கீர் அதை ஒரு வரியில் எழுதுகிறார், இறைவனின் கருணைக்குப் போய்ச் சேர்ந்தான் என்று. மேலே போய்விடுகிறார். குர்ரம்தான் கொல்ல வைத்தான் என்று அன்றைய ஐரோப்பியர்கள் எழுதினார்கள், பிற்கால ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதையே ஏற்கிறார்கள்.

நாரை முட்டைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர், பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி.

என் தாத்தா அரிசி மண்டி வைத்திருந்தவர். அவர் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு நாள்: "தம்பி காலமானான். வண்டிச் சத்தம் 3 ரூபாய். பருத்திக்கொட்டை மூட்டை 2." அந்தத் தம்பியோடு அவருக்குச் சொத்துத் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். கல்நெஞ்சம் என்றுதான் அந்த வரியைப் படித்து வந்திருக்கிறேன். ஜஹாங்கீரின் வரியையும் அப்படியே படித்தேன்.

மார்ச் 11

நேற்று அத்தையிடம் போனில் பேசும்போது நோட்டில் அந்த வரியைச் சொன்னேன். "அந்த நாலு நாளும் அப்பா சாப்பிடவில்லையேடா, மண்டியைத் திறக்கவில்லை" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், அந்த வரிக்குப் பிறகு நாலு நாள் தேதி இல்லை. இத்தனை வருஷம் வரியைப் படித்தேன், தேதியைப் பார்க்கவில்லை.

அதனால் முந்தாநாள் எழுதியதை அரைவாசி திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒரு வரியில் முடித்ததை வைத்து மனசில் இருந்ததைச் சொல்ல முடியாது. கல்நெஞ்சமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தும் கேட்க முடியாமல் இருந்திருக்கலாம், அப்போது படை குர்ரமின் கையில். எழுத வரவில்லை என்பதாகவும் இருக்கலாம். அந்த வரி உறுதியாகச் சொல்வது ஒன்றுதான், குர்ரம் அனுப்பிய காரணத்தை அரண்மனைக் குறிப்பு அப்படியே ஏற்று எழுதியது. அதற்கு மேல் நான் போட்டது என் தாத்தாமேல் இருந்த கோபம்.

மேலே உள்ளதை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

மார்ச் 13

"எதுவுமே நிச்சயமில்லை என்றால் எதற்குப் படிப்பது?" நியாயமான எரிச்சல். ஒரு நல்ல செய்தி சொல்கிறேன்.

1621இல் ஜலந்தர் பக்கம் பெரும் சத்தத்தோடு வானத்திலிருந்து ஒளி விழுந்ததாக எழுதுகிறார். உள்ளூர் அதிகாரி தோண்டிப் பார்த்தால் சூடான இரும்புக் கட்டி. 160 தோலா எடை. கொல்லரிடம் கொடுத்தால் சுத்தியலுக்கு நிற்காமல் உதிர்கிறது. மூன்று பங்கு மின்னல் இரும்பு, ஒரு பங்கு சாதாரண இரும்பு கலந்து வாளும் கத்தியும் செய்தார்கள். அந்தக் கத்தி வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஃப்ரீர் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. சோதித்துப் பார்த்தார்கள், விண்கல் இரும்பேதான். அந்தப் பகுதியை நான் பல வருஷம் கட்டுக்கதை என்று தாண்டிப்போயிருக்கிறேன்!

இதற்கு நேர்மாறாக ஒரு ஓவியம். உருண்டை உலகத்தின் மேல் நின்று மாலிக் அம்பரின் வெட்டிய தலைக்கு ஜஹாங்கீர் அம்பு விடுகிறார். அபுல் ஹசன் வரைந்தது, இப்போது டப்ளினில். மாலிக் அம்பரின் தலையை யாரும் வெட்டவில்லை. மொகலாயப் படையைத் தக்காணத்தில் அலைக்கழித்துவிட்டு, 1626இல் வயதாகித் தன் சாவு செத்தார். கத்தியும் ஓவியமும் ஒரே அரண்மனையிலிருந்து வந்தவைதான்.

மார்ச் 14

நீதிச் சங்கிலி பற்றி எழுதவில்லையே என்று திட்டு. பட்டத்துக்கு வந்ததும் முதல் உத்தரவு அதுதான். சுத்தத் தங்கத்தில், 30 கஜ நீளம், 60 மணிகள், நாலு மணங்கு எடை. ஒரு முனை ஆக்ரா கோட்டையின் ஷா புர்ஜில், மறுமுனை ஆற்றங்கரைக் கல்தூணில். நியாயம் கிடைக்காதவர் வந்து இழுக்கலாம்.

கம்பெனி ஆளாக வந்த ஆங்கிலேயர் வில்லியம் ஹாக்கின்ஸ் 1609இலிருந்து 1611 வரை அந்தச் சபையில் இருந்தவர். துருக்கி மொழி தெரியும், அதனால் ரோவைப் போல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, அரசரிடம் நேராகவே பேசினார். அவர் எழுதியிருப்பது: இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு நீண்ட கயிறு. அதில் தங்கமுலாம் பூசிய மணிகள். அசைத்தால் அரசருக்குக் கேட்கும், ஆள் அனுப்பி விசாரிப்பார்.

கயிறு! தங்கச் சங்கிலி எங்கே போயிற்று? உத்தரவு ஒன்று, செய்தது வேறா? நல்லதைப் பெட்டியில் வைத்துவிட்டு அன்றாடத்துக்குக் கயிறு கட்டினார்களா? ஹாக்கின்ஸ் பார்த்தது வேறொரு இடத்திலா? எனக்கு ஹாக்கின்ஸ் பக்கம் சாய்வு. ஏழைகள் இழுப்பதற்கென்று நாலு மணங்குத் தங்கத்தை ஆற்றங்கரையில் தொங்கவிட்டால் அதற்குக் காவல் போட வேண்டும். காவல் போட்டால் ஏழை கிட்டே வர மாட்டான். ஆனால் மணி இருந்தது, அரசருக்குக் கேட்டது என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். அதை நான் தாராளமாக நம்புவேன்.

மார்ச் 15

கேள்வி கேட்ட தம்பி வீடியோவை எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறார். எடுக்க வேண்டாம். "1829இல் அச்சான போலிப் பிரதியில் உள்ளபடி" என்று தலைப்பில் சேர்த்துவிட்டு, கர்நாடகத்து ஆள் சங்கிலி விழுங்கியதையும் ஒரு நிமிடம் சொல்லுங்கள். பார்வை குறையும். என் கூட்டத்தில் கைதட்டியவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.